ரியோ பியேட்ராஸ்: அன்று சோதிக்கப்பட்டவர்கள், இன்று ஆராய்பவர்கள்

1956ஆம் ஆண்டு. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட புவேர்ட்டோ ரிகோ தீவின் தலைநகர் சான் ஹுவானைச் சேர்ந்த ரியோ பியேட்ராஸில் ஏழைகளுக்கென்று அரசு கட்டிய குடியிருப்பு. அங்கிருந்த இளம் தாய்மார்களிடம் ஒரு மாத்திரைப் புட்டியைக் கொடுத்தார்கள். மாதவிலக்கின் ஐந்தாம் நாள் தொடங்கி இருபது நாள், தினம் ஒன்று. விழுங்கினால் பிள்ளை தரிக்காது. அந்த மாத்திரை இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எனோவிட் என்ற முதல் கருத்தடை மாத்திரை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது இப்படித்தான். இன்றைய மாத்திரைகளைவிடப் பல மடங்கு ஹார்மோன் அதில் இருந்தது. தலைசுற்றல், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. களத்தில் சோதனையை நடத்திய டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, நூற்றுக்கு 17 பெண்களுக்கு இந்தத் தொல்லைகள் வந்ததாகவும், இவ்வளவு பக்கவிளைவுகளை ஏற்க முடியாது என்றும் அறிக்கை கொடுத்தார். ஆய்வை வழிநடத்திய கிரிகரி பிங்கஸும் ஜான் ராக்கும் அதைப் பொருட்படுத்தவில்லை. சோதனையில் இருந்த மூன்று பெண்கள் இறந்தபோது பிரேதப் பரிசோதனைகூட நடக்கவில்லை. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அந்த மாத்திரை அனுமதி பெற்றது.

மாத்திரையால் உலகப் பெண்களுக்குக் கிடைத்த விடுதலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உடம்பு கொடுத்தவர்கள் ஒரு தெருவில் இருந்தார்கள். முடிவெடுத்தவர்களில் அந்தத் தெருக்காரர் ஒருவர்கூட இல்லை. என் மனத்தை உறுத்துவது அதுதான்.

அந்த நிலையை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் ஹெலன் ரோட்ரிகஸ்-ட்ரியாஸ். புவேர்ட்டோ ரிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1960இல் பட்டம் பெற்றவர். தீவின் தாய்மார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்திருந்த காலம் அது. சம்மதம் என்ற பெயரில் நடந்த அத்துமீறல்களை எதிர்த்து அவர் இயக்கம் கட்டினார். பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும், அதன்பின் 30 நாள் பொறுக்க வேண்டும் என்ற விதிகள் 1970களின் கடைசியில், கூட்டரசு நிதியில் நடக்கும் கருத்தடை அறுவைகளுக்கு அமெரிக்கா முழுவதும் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்துக்குத் தலைவரான முதல் லத்தீன் பெண்ணும் அவரே.

இன்று தீவின் தென்கரையில் உள்ள பொன்ஸே நகரில், விஞ்ஞானி இதாலிஸ் ஃப்ளோரெஸ் எண்டோமெட்ரியோசிஸ் நோயை ஆராய்கிறார். கருப்பைக்குள் வளர வேண்டியதைப் போன்ற திசு வெளியே வளர்ந்து, மாதாமாதம் பெண்களைத் துடிக்கவைக்கும் நோய் அது. பத்தில் ஒரு பெண்ணுக்கு இருந்தும், வலியைச் சொன்னால் இதெல்லாம் சகஜம்தானே என்று தட்டிக்கழிக்கப்படுகிற நோய். அவர் நோயாளிகளோடு சேர்ந்தே ஆய்வை நடத்துகிறார். 1956இல் காதில் வாங்கப்படாத அதே முறையீடு இங்கே ஆய்வின் தொடக்கமாகிறது.

ரியோ பியேட்ராஸும் அப்படியே இல்லை. புவேர்ட்டோ ரிகோ பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இருப்பது அங்கேதான். ஆய்வுப் பாதையில் நிற்கும் தீவின் இளைஞர்களுக்கு இப்போது கைகொடுக்க மூத்தவர்கள் இருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழக நரம்பியல் விஞ்ஞானி டேனியல் கோலோன்-ராமோஸ் 2006இல் தொடங்கிய ‘சியென்சியா புவேர்ட்டோ ரிகோ’ அமைப்பு, உலகெங்கும் சிதறிக்கிடக்கும் தீவின் விஞ்ஞானிகளை அந்த இளைஞர்களோடு இணைக்கிறது.

பணமும் வேண்டுமே! மாலையில் கடை வேலைக்குப் போகிற மாணவியால் ஆய்வகத்தில் செல் வளர்க்க முடியாது. அவளுக்கு உதவித்தொகை கொடுத்து ஆய்வில் பழக்குவதற்காகவே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1970களில் ‘மார்க்’ திட்டத்தைத் தொடங்கியது. அதையும் அதைப் போன்ற வேறு சில திட்டங்களையும் 2025இல் நிறுத்திவிட்டது. பெரிய தவறு. புவேர்ட்டோ ரிகோவினரைப் போன்ற ஸ்பானிய மரபில் வந்த இளம் விஞ்ஞானிகளுக்கு விருது கொடுத்து விழா நடத்துகிறவர்கள், அந்த உதவித்தொகையை மீட்டுக் கொடுக்கவும் குரல் கொடுக்க வேண்டும்.