ஒரே கணக்கு, இரண்டு கல்

சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நண்பரின் பையன் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, கல்லை எக்ஸ்ரே மெஷினில் வைத்தால் அதுவே பேரைச் சொல்லிவிடுமாமே?" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலையே வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

பேரைச் சொல்லாது. கல்லைப் பொடித்து, வில்லையாக அழுத்தி, அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். இந்த ஒழுங்கை 1913-ல் கண்டு சொன்னவர் மோஸ்லி என்ற இளம் ஆங்கிலேய விஞ்ஞானி. அதைக் கொண்டு எந்தத் தனிமம், எவ்வளவு என்று கணக்கிடலாம். அவ்வளவுதான்.

நான் நாகபுரிக்கு வேலைக்கு வந்த புதிது. பக்கத்துப் பண்டாரா மாவட்டத்திலிருந்து ஒரு கல் வந்தது. பையின் மேல் 'சில்லிமனைட்' என்று எழுதியிருந்தது. மெஷினும் அலுமினா சுமார் 63 சதவீதம், சிலிக்கா 37 என்றது. கணக்கு அச்சாகப் பொருந்தவே, சில்லிமனைட் என்றே ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

மேலதிகாரி மீதிக் கல்லைக் கேட்டார். பேனாக் கத்தியால் நீளவாக்கில் கீறினார், கோடு விழுந்தது. குறுக்கே கீறினார், விழவில்லை. "தம்பி, இது கயனைட். இரண்டுக்கும் சரக்கு ஒன்றுதான், கட்டுமானம் வேறு" என்றார். அணுக்களின் அடுக்கைக் காட்டும் வேறொரு எக்ஸ் கதிர்ச் சோதனையில் மறுநாள் அதுவே உறுதியாயிற்று.

பேரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இரண்டும் உலைகளுக்குள் பதிக்கும், சூடு தாங்கும் செங்கல்லுக்குப் போகிறவை. சில்லிமனைட்டை அப்படியே சேர்க்கலாம். கயனைட்டோ கடும் சூட்டில் 16 முதல் 18 சதவீதம் வரை பருத்துவிடும். முன்கூட்டியே சுட்டுத்தான் சேர்க்க வேண்டும். என் ரிப்போர்ட்டை நம்பியிருந்தால் அந்தச் சூளைக்காரரின் செங்கல் அத்தனையும் வெடித்திருக்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே அரிசி, அதே உளுந்துதான்; இட்லியும் ஆகிறது, தோசையும் ஆகிறது. மெஷின் அரிசியையும் உளுந்தையும் மட்டுமே அளக்கும். தட்டில் இருப்பது எது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

பையன் சிரித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தான் பொறுக்கிய கற்களோடு வருகிறானாம். என் பேனாக் கத்தி தயார்.