அடைக்கலம்னா என்ன ஃப்ரெண்ட்ஸ்?

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்குப் போயிருக்கீங்களா? கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற ஊர். அங்கே மாதாவுக்குப் பேரே அடைக்கல மாதா!

18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதத்தின் பெயரால் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்கள், தஞ்சைப் பக்கமிருந்து ஆற்றைத் தாண்டி இங்கே வந்தாங்க. அரியலூர் மழவராயர்கள் மதம் பார்க்காமல் இடம் தந்தாங்க. வந்தவங்களுக்குத் துணையா இருந்தவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். அவரே மரண தண்டனையிலிருந்து தப்பியவர்தான்! சுப்ரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழ் சொல்லித் தந்தார்.

1726-ல் அவர் முடித்த 'தேம்பாவணி'யின் நாயகன் யார் தெரியுமா? ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்ப, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்குப் போன சூசை. அகதிகளோட வாழ்ந்தவர், ஓர் அகதிக் குடும்பத்தையே காப்பியமாக்கிட்டார்!

1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தவங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னிக்கும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்காங்க. உங்க பக்கத்து பெஞ்சிலேயே ஒருத்தர் இருக்கலாம். "எப்ப உங்க ஊருக்குப் போவே?"ன்னு கேட்காதீங்க. "சாப்பிட்டியாடா?"ன்னு கேளுங்க. மழவராயர் இடம் கொடுத்தார். நீங்க பெஞ்சுல கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலே போதும்!