உங்களுக்குத் தெரியுமா? தலை கூடினால் காசும் கூடுமா?

1901-ல் கொடைக்கானலில் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? வெறும் 1,912 பேர்! 2011-ல் 36,501 பேர். 110 வருஷத்தில் 19 மடங்கு!

அதே 110 வருஷத்தில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை எத்தனை மடங்கு பெருகியது? 4 மடங்குகூட இல்லை! தொட்டில் கட்டி மட்டும் வளர்ந்த ஊரில்லை கொடை. பிழைப்புத் தேடி மலையேறியவர்களால் வளர்ந்த ஊர்!

கொடைக்கானல் ஏரி இயற்கை ஏரியே இல்லை! 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச், சதுப்பு நிலத்தில் அணை கட்டி உண்டாக்கியது. இன்று படகுக்காரர், குதிரைக்காரர், சைக்கிள் வாடகைக்காரர், சுட்ட சோளம் விற்கும் அக்கா, சாக்லேட் கடைக்காரர்... இத்தனை வீட்டிலும் அடுப்பு எரிவது ஏரியைச் சுற்றி ஓடும் 5 கி.மீ. சாலையால்தான்!

2025 ஏப்ரல் முதல் கொடைக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பு: வார நாளில் 4,000 வெளியூர் வண்டி, வார இறுதியில் 6,000! வண்டிக்கு 4 பேர் என்றாலே 24,000 பேர். ஊர் ஜனத்தொகையில் பாதிக்கு மேல், ஒரே நாளில் விருந்தாளி!

விருந்தாளிகள் மட்டுமா, விளைச்சலும் பேர் வாங்கித் தந்தது! கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது ஒரே வருஷத்தில்: 2019! விருப்பாச்சி மலை வாழை முந்திக்கொண்டது: 2008-லேயே வாங்கிவிட்டது!

ஜனம் பெருகினால் சோறு போதாது என்று 1798-ல் மிரட்டிய மால்தஸ் யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி கல்லூரியின் வாத்தியார்! நம்மை ஆள வந்த இளம் அதிகாரிகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்!

மால்தஸ் கணக்கு இங்கே பலிக்கவில்லை! 1951-ல் இந்தியாவில் 36 கோடிப் பேர். 2023-ல் 142 கோடிக்கும் மேல். ஜனம் 4 மடங்கு. உணவு தானிய விளைச்சலோ 5 கோடி டன்னிலிருந்து 33 கோடி டன். 6 மடங்குக்கும் மேல்!

மக்கள்தொகை குறையாமல் நிற்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். தமிழ்நாட்டில் 2020-ல் எவ்வளவு? 1.4 மட்டுமே! பீகாரில் 3.0!

பிள்ளை குறைந்தால் வளர்ச்சி படுத்துவிடுமா? 2024-25-ல் தமிழ்நாட்டின் பொருளாதார வளர்ச்சி 11.19 சதவீதம்!

ரகசியம் என்ன? 2019-20 கணக்குப்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்! மாநிலத்தின் ஒரே அரசு மகளிர் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது? 1984-ல் தொடங்கிய அது இருப்பது அதே கொடைக்கானல் மலையில்தான்!

எத்தனை தலை என்பதல்ல கணக்கு. எத்தனை கைக்கு வேலை என்பதுதான் கணக்கு! அடுத்த முறை கொடைக்குப் போகும்போது வண்டிக்கு இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுங்கள். திரும்பும்போது மலைக் கிராமமான பூம்பாறைப் பக்கத்து விவசாயியிடம் ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்குங்கள். அந்தக் கணக்கில் உங்கள் பங்கும் சேரட்டும்!