போரின் பின்: சோவியத் படைவீராங்கனைகளும் சமூக நோக்கும்

போர்க்களத்தில் ஆணும் பெண்ணும் ஒரே கடமையை ஆற்றினாலும், போரின் பின் சமூகம் இருவரையும் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை. இதற்குச் சோவியத் யூனியனின் அனுபவம் தக்க சான்றாகும்.

1941 - 1945 காலப்பகுதியில் ஏறத்தாழ 8 இலட்சம் பெண்கள் சோவியத் படைகளிற் பணியாற்றினர். தாதியராக மட்டுமன்றி, விமானிகளாகவும், குறிபார்த்துச் சுடுவோராகவும், விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையினராகவும் அவர்கள் போரிட்டனர். ஆயினும், வீடு திரும்பிய ஆணின் பதக்கம் வீரத்தின் சின்னமாகக் கொள்ளப்பட, பெண்ணின் பதக்கமோ அவளது ஒழுக்கத்தின் மீது ஐயத்தை எழுப்பிற்று. 'போர்முனை மனைவி' என்ற ஏளனச் சொல் அவர்களைத் தொடர்ந்தது. பலர் தமது படைச் சேவையையே மறைத்து வாழ்ந்தனர்.

ஆண் வீரர் யாவரும் நன்கு பேணப்பட்டனர் என நாம் கூறவில்லை. அங்கவீனமுற்ற பலர் வறுமையில் வாடினர். எனினும், போருக்குச் சென்றமைக்காக அவர்தம் ஒழுக்கம் விசாரிக்கப்படவில்லை.

1945 யூலையில், படையினின்று விடுவிக்கப்பட்ட பெண்களிடையே உரையாற்றிய அரசுத் தலைவர் கலினின், தம் சேவையைப் பற்றித் தாமே பேசாதிருக்குமாறு அவர்களுக்கு அறிவுரை கூறினார். அம்மௌனத்தின் ஆழத்தை, 1985இல் நூலுருப்பெற்ற சுவெத்லானா அலெக்சியேவிச்சின் வாய்மொழித் தொகுப்பு உலகறியச் செய்தது.

1936ஆம் ஆண்டின் சோவியத் அரசியலமைப்பு ஆண் பெண் சமத்துவத்தைப் பிரகடனஞ் செய்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. சட்டம் மாறிய வேகத்தில் மனப்பாங்கு மாறுவதில்லை. அதற்கெதிரான போராட்டம் தனியே நடத்தப்படவேண்டியதொன்றாகும்.