பருமனான உடலும் ஆறாத புண்ணும்

பித்தப்பைக் கல்லுக்காக என் பெரியம்மா அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். தையல் பிரித்து வீடு திரும்பிய சில நாட்களில் புண்ணில் சீழ் கட்டிவிட்டது. பார்க்க வந்தவர்களோ, “உடம்பைக் குறைத்திருந்தால் இப்படி வந்திருக்குமா?” என்று கேட்டு, அவர் மனத்தையும் புண்படுத்தினார்கள். உடற்பருமனுக்கும் இதற்கும் உண்மையில் என்ன தொடர்பு?

புண்ணில் கிருமி புகுவதைத் தடுக்க, 1865 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார். இன்று அறுவை அரங்கு எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், நம் தோலிலேயே வாழும் கிருமிகள் புண்ணுக்குள் நுழையக்கூடும். அவற்றைக் கொல்பவை இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள். அதற்கு அவற்றுக்குப் பிராணவாயு தேவை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பிலோ இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே பிராணவாயுவும் குறைவு. கொழுப்பு தடித்திருந்தால் வெட்டும் ஆழமாகிறது. தைத்த பின்னும் உள்ளே இடைவெளி விழுந்து நீர் கோத்துக்கொள்ளலாம். கிருமிகள் பெருக அது நல்ல இடமல்லவா? நீரிழிவும் சேர்ந்துவிட்டால், மிகுந்த சர்க்கரை வெள்ளை அணுக்களின் வலிமையைக் குறைத்துவிடுகிறது.

இதற்கு வழி உண்டு. கத்தி வைக்கும் முன்பே ஆன்டிபயாடிக் மருந்து செலுத்துகிறார்கள். செஃபசோலின் என்னும் மருந்தைப் பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராமும், 120 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 3 கிராமும் கொடுப்பதுண்டு. எனவே கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சர்க்கரையை முன்கூட்டியே கட்டுப்படுத்த வேண்டும். சிகிச்சைக்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்; வீட்டில் பிளேடால் முடியை மழிக்கக் கூடாது. எடை குறைய வேண்டுமென்று திடீர்ப் பட்டினி கிடப்பதும் தவறு. புண் ஆறப் பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவு வேண்டும்.

வீடு திரும்பிய பின் புண்ணைச் சுற்றிச் சிவப்பு, சூடு, வீக்கம், கசிவு, காய்ச்சல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மஞ்சளும் எண்ணெயும் தடவிக் காத்திருக்காதீர்கள்.

பெரியம்மாவின் புண்ணைத் திறந்து, சுத்தம் செய்து, தினமும் கட்டுப் போட்டார்கள். பல வாரங்களில் ஆறியது. தோழியரே, பருமன் கேலிக்குரியதன்று. கூடுதல் கவனம் வேண்டும் ஓர் உடல்நிலை. புண்ணை மருத்துவர் ஆற்றுவார். சொல்லால் புண்படுத்தாமல் இருப்பது நம் பொறுப்பு.