விழா மேசையில் ஒரு குளிர் காபி

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவன்று மணலி புதுநகரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பிஸ்காஃப் பிஸ்கட்டு விழுது கலந்த குளிர் காபி செய்ய ஏற்பாடாகியிருந்தது. மேல்நாட்டு விடுதிகளைப் போல் அதில் வோட்காவும் சேர்க்க வேண்டுமென மூத்த மகன் விரும்பினான். தந்தையோ குடியை விட்டு ஓராண்டே ஆனவர். தாய் வாதிடவில்லை, மதுவின்றியே அதனைச் செய்து காட்டினார்.

செய்முறை எளிது. ஒருவருக்குக் கால் டம்ளர் சூடான கெட்டி டிகாக்‌ஷனில் ஒரு மேசைக்கரண்டி விழுதைக் கரைத்திடுக. விழுதில் எண்ணெய்ப் பசை மிகுதியாதலால், ஆறிய காபியில் அது எளிதில் கரையாது. ஆறியபின் முக்கால் டம்ளர் குளிர்ந்த பாலும் பனிக்கட்டியும் சேர்த்து, மூடியிட்ட புட்டியில் நுரை எழக் குலுக்குக. மேலே பிஸ்கட்டுத் தூள் தூவுக. விழுதே இனிப்பாதலால் சர்க்கரை வேண்டா. சிறுவர்க்கு டிகாக்‌ஷனைக் குறைத்தல் நலம். கோதுமையோ சோயாவோ ஒவ்வாதோர் இதனைத் தவிர்க்க.

இந்தப் பிஸ்கட்டு 1932-இல் பெல்ஜியத்தின் லெம்பெகே என்னும் ஊரில் தோன்றியது. டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாளுக்கென அந்நாட்டாரும் ஒல்லாந்தரும் சுடும் பட்டை மணக்கும் பிஸ்கட்டின் வழிவந்தது. அதே ஒல்லாந்தர்தாம் நமக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613 முதல் கெல்திரியாக் கோட்டையில் இருந்து வணிகம் செய்தவர்கள். இலங்கைப் பட்டையும் அவர்தம் கப்பல்களில் ஐரோப்பா சென்றது. ஆகவே இம்மணம் நம் கரைக்கு முற்றிலும் அயலானதன்று.

அன்று தந்தையும் மக்களும் ஒரே பானத்தைப் பருகினர். வீட்டில் ஒருவர் மட்டும் கோப்பையைக் கவிழ்த்து வைக்க நேராதபடி காப்பதன்றோ நல்ல விருந்து?