வில்லைக் கையிற் கொடுக்குமுன்

வில்லும் அம்பும் தமிழருக்குப் புதியன அல்ல. சேரர் தம் கொடியில் வில்லைப் பொறித்தனர்; கொல்லிமலைத் தலைவனாகிய ஓரி, 'வல்வில்' என்னும் அடைமொழியாலேயே இன்றும் அறியப்படுகிறான். ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு சிறுவனோ சிறுமியோ வில்வித்தை பழக விரும்பினால், வீட்டில் முதலில் எழக்கூடிய வினா, "அது ஆயுதமல்லவா?" என்பதே. 2009இல் முடிவுற்ற நீண்ட போரைக் கண்ட மண்ணில் இவ்வினா எழுதல் இயல்பு. இதற்குத் தக்க விடை கூறாமல் ஒரு கழகம் இளைஞரை அழைத்தல் முறையன்று.

விடையின் ஒரு பகுதி வரலாற்றில் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு முறிந்து இடுப்பின்கீழ் உணர்விழந்தோர் பலருக்கு, இங்கிலாந்திலுள்ள ஸ்ரோக் மண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் சிகிச்சை அளித்தார். 1948 ஜூலை 29ஆந் தேதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், அவர் ஒரு சிறு போட்டியை நடத்தினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அதிற் கலந்துகொண்டோர் 16 பேர். அவருள் இருவர் பெண்கள். அவர்கள் ஆடிய விளையாட்டு வில்வித்தையே. அப்போட்டியே பின்னர் வளர்ந்து பராலிம்பிக் விழாவாயிற்று. போரினால் உடைந்த உடல்களுக்கு ஊக்கம் அளிக்க வில் உதவியது என்பதை நாம் மறத்தலாகாது.

2024இல் பாரிஸ் நகரில் நடந்த பராலிம்பிக் விழாவில், கைகளின்றிப் பிறந்த சீத்தல் தேவி என்னும் 17 வயது இந்திய மங்கை, காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து எய்து, ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். விரைந்து ஓட இயலாதவர்க்கும், கிரிக்கெட் அணியின் பதினொருவருள் இடம் கிடையாதவர்க்கும், போரில் உறுப்பிழந்தவர்க்கும் இவ்விளையாட்டில் இடமுண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

விடையின் மறுபகுதி ஒழுங்கு. நல்ல கழகத்தில் மாணவர் முதலிற் கற்பது எய்வதையன்று, சீழ்க்கையொலிக்குக் கீழ்ப்படிவதையே. நிலத்தில் ஒரு கோடு கீறப்படும். அனைவரும் அந்த ஒரே கோட்டில் நின்றே எய்தல் வேண்டும். சீழ்க்கை இருமுறை ஒலித்தால் கோட்டிற்கு வரலாம். ஒருமுறை ஒலித்தால் எய்யலாம். மும்முறை ஒலித்தால் வில்லை வைத்துவிட்டுச் சென்று அம்புகளை எடுக்கலாம். ஐந்து முறையோ அதற்கு மேலோ ஒலித்தால், நாணை இழுத்தவரும் எய்யாது நிறுத்திவிடல் வேண்டும். அம்பின்றி நாணை இழுத்து விடுதலும் கூடாது. அம்பிற்குச் செல்ல வேண்டிய விசை வில்லிலேயே தாக்கி அதனை முறித்துவிடும்.

அடுத்து, எந்தக் கண் வலியது என்று பார்த்தல் வேண்டும். இரு கைகளாலும் ஒரு சிறு துவாரம் அமைத்து, அதனூடே தொலைவிலுள்ள ஒரு மரத்தை நோக்குக. பின் ஒவ்வொரு கண்ணாக மூடுக. எந்தக் கண் திறந்திருக்கும்போது மரம் மறையாது நிற்கின்றதோ, அதுவே வலிய கண். வலக்கண் வலியதாயின் இடக்கையில் வில் பிடித்து வலக்கையால் நாணை இழுத்தல் நன்று. தொடங்குவோர்க்கு இழுவிசை ஏறத்தாழ 20 இறாத்தலுக்கு மேற்படாத வில்லே ஏற்றது. பெருமைக்காக வலிய வில்லை எடுப்பவன் தோளைக் கெடுத்துக்கொள்வான்.

துரோணர் வைத்த சோதனையில் அருச்சுனன் பறவையின் கண்ணை மட்டுமே கண்டான் என்பது பாரதக் கதை. இக்காலப் பயிற்சியாளரோ முதலில் அந்தப் பறவையையே அகற்றிவிடுகின்றனர்! வட்டம் ஏதும் வரையாத வைக்கற்கட்டை ஐந்து மீற்றர் தூரத்தில் நிறுத்தி எய்யச் செய்வர். இலக்கைக் கண்டால் மாணவன் மனம் அதிலே ஓடிவிடும். நிற்கும் நிலையும், நாண் பிடித்த கை தாடையைத் தொடும் இடமும், விரல் விடும் விதமும் தவறும். இவை மாறாது அமைந்தபின் வட்டம் வரும். அப்போதும் அம்புகள் நடுவிலே பட்டனவா என்பது முதல் வினாவன்று. ஒன்றையொன்று நெருங்கிப் பட்டனவா என்பதே முதல் வினா. நெருங்கிப் படுபவற்றை நடுவிற்குக் கொணர்தல் எளிது. ஒலிம்பிக் வீரர் 70 மீற்றர் தூரத்தில் நின்று குறிவைக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு பனங்காய் அளவே. அந்தத் தூரத்தின் தொடக்கம் இந்த ஐந்து மீற்றரே.

குடாநாட்டின் நிலமும் காற்றும் கருதத்தக்கவை. இங்கே அம்பைத் தடுக்கக் குன்றுகள் இல்லை. எளிய வில்லிலிருந்து மேல்நோக்கிச் சென்ற அம்பும் நூறு மீற்றருக்கு அப்பால் விழக்கூடும். வேலிக்கு அப்பால் ஒழுங்கையில் மனிதர் நடமாடுவர். ஆகவே இலக்கின் பின்னே உயர்ந்த மண் அணையும், அதன் பின்னே ஆளற்ற வெளியும் வேண்டும். வடக்கு நோக்கி எய்யுமாறு களம் அமைத்தால் காலை மாலை வெயில் கண்ணைக் கூசச் செய்யாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அம்பு பக்கவாட்டில் ஒதுங்கும். அக்காலத்தில் தொடக்க மாணவர்க்குக் குறுந்தூரமே போதும். மாரி மழையிற் பாடசாலை மண்டபத்திற் பழகலாம். உள்ளரங்கப் போட்டிக்குரிய தூரம் 18 மீற்றரே.

பொருட்செலவு பெரிதென்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தியாவில் ராஞ்சிக்கு அருகே, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி முதலிற் பழகியது மூங்கில் வில்லில். அவர் 2005இல் கர்சவானிலுள்ள பயிற்சிக் கழகத்திலும், 2006இல் ஜாம்ஷெட்பூர் டாட்டா வில்வித்தைக் கழகத்திலும் சேர்ந்தார். 2010இல் டெல்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், 16ஆவது வயதில், தனிநபர் போட்டியில் தங்கம் வென்றார். விலையுயர்ந்த வில் பின்னர் வந்தது. முறையான பயிற்சியே முன்னர் வந்தது.

எனவே, கழகம் தொடங்குவோர் வில் வாங்குமுன் மூன்றைத் தேடிக்கொள்வாராக: பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், அணை கட்டிய ஒரு களம், எவர்க்கும் தளராத ஒழுங்கு. முதல் நாளிலேயே பெற்றோரையும் அழைத்துக் கோட்டின் பின்னே இருத்துவாராக. சீழ்க்கை ஒலித்ததும் இருபது பிள்ளைகள் ஒருங்கே வில்லைக் கீழே வைப்பதைக் கண்ட தாய்க்கு, தன் வினாவிற்குரிய விடையை வேறெவரும் கூற வேண்டியிராது.